இருபத்தேழாம் நம்பர் புலாவ் கடை

தீயணைப்பு ஆய்வாளர் எர்காஷ் சாப்பிட்டு முடித்தார். கையைத் துடைத்தார். பாக்கெட்டிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கொப்பரைக்குப் பின்னால் நின்ற ஹோல்மத்தின் கையிலிருந்த கரண்டி நழுவி அரிசிக்குள் விழுந்தது.

பதினோரு வருஷமாக மாட்டுச்சந்தைச் சாலையில் புலாவ் கடை நடத்துகிறார் ஹோல்மத். பதினோரு வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் எர்காஷ் வருவார். ஆட்டு வால்கொழுப்பு தூக்கலாக ஒரு தட்டு, ஒரு நான் ரொட்டி, ஒரு கூஜா பச்சைத் தேநீர். வீட்டுக்கு ஒரு கிலோ பொட்டலம். கிளம்பும்போது சுவரில் தொங்கும் தீயணைப்பு உருளையை ஒரு பார்வை பார்த்து, "உருளை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த உருளைக்குள் காற்றுகூடக் கிடையாது. காசு என்ற பேச்சே இருவருக்கும் நடுவில் வந்ததில்லை.

"இது என்ன சார்?" என்றார் ஹோல்மத்.

"சாப்பிட்டதுக்கு."

"யாரு சாப்பிட்டதுக்கு?"

"நான்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டா காசு குடுக்கணும்ல? மீதி வேண்டாம், வச்சுக்குங்க."

வச்சுக்குங்க! 'டேய் ஹோல்மத், இன்னும் ரெண்டு துண்டு போடுடா' என்று பதினோரு வருஷம் பேசிய வாய் இது. அரசாங்க ஆள் காசு கொடுக்கிறான் என்றால் கடைக்குச் சீல் வைக்கப் போகிறான் என்று அர்த்தம். வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்?

பணத்தை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"சார்! சார்! நான் என்ன தப்பு பண்ணேன்? உருளையை மாத்தணுமா? நாளைக்கே மாத்திடறேன்!"

காரில் ஏறப் போன எர்காஷ் முகம் வெளுத்துத் திரும்பினார். "ஐயோ, உருளை அருமையா இருக்கு அண்ணே! இனிமே அதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்!"

"அப்போ காசைத் திருப்பி வாங்கிக்குங்க!"

"அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எனக்குக் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணு இருக்கு. என்னைச் சோதிச்சுப் பாக்காதீங்க."

கார் கிளம்பிய வேகத்தில் முனையிலிருந்த தர்பூசணிக் குவியலில் இடித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. தர்பூசணிக்காரன் திட்டியது எர்காஷை அல்ல, ஹோல்மத்தைத்தான்.

பக்கத்து டயர் கடை தூர்தி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் மரியாதையும் கோபமும் சரிபாதி இருந்தன.

"நல்ல ஆளுண்ணே நீங்க," என்றான். "பதினோரு வருஷம் பக்கத்துக் கடையில இருக்கேன். உங்க வீட்டு விசேஷத்துக்கெல்லாம் மொய் எழுதியிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"என்னத்தைடா சொல்லலை?"

தூர்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் போனை நீட்டினான். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் ஊழலை எழுதும் வலைத்தளம் அது. அரசாங்கம் அதைத் தடை செய்திருந்தது. அதனால் ஊரில் அதைப் படிக்காதவர் யாருமில்லை, ஹோல்மத்தைத் தவிர. தலைப்பு: 'மாப்பிள்ளையின் நாற்பத்தோரு சொத்துகள்.'

மாப்பிள்ளை என்றால் அதிபரின் மாப்பிள்ளை. நாட்டில் லட்சம் மாப்பிள்ளைகள் இருக்கட்டும், டாக்ஸிக்காரர் குரலைத் தணித்து 'மாப்பிள்ளை' என்றால் அது அந்த ஒரே ஆள்தான். எங்கே புதுக் கட்டடம் எழும்பினாலும் 'மாப்பிள்ளையோடது' என்று ஊர் சொல்லும். பத்திரத்தில் அவர் பேர் இருக்காது என்பதும் ஊருக்குத் தெரியும். பெரிய இடத்துச் சொத்தெல்லாம் டிரைவர் பேரில் இருக்கும், தோட்டக்காரர் பேரில் இருக்கும், தோட்டக்காரரின் மச்சினி பேரில் இருக்கும். அதுதான் இங்கே வழக்கம்.

பட்டியலில் சிமெண்ட் ஆலை இருந்தது. இரண்டு ஹோட்டல், பஞ்சாலை, ஒரு தனியார் ஆஸ்பத்திரி எல்லாம் இருந்தன. தூர்தி விரலால் கீழே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினான்.

'27. புலாவ் கடை, மாட்டுச்சந்தைச் சாலை. பினாமி: ஹோல்மத். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூடச் சீல் வைக்கப்படாத ஒரே கடை. இவருக்குப் பின்னால் இருப்பது யார் என்று சொல்லவும் வேண்டுமா?'

"டேய்! சீல் வைக்காததுக்குக் காரணம் எர்காஷுக்குப் போட்ட புலாவ்டா!" என்று கத்தினார் ஹோல்மத்.

"சரிண்ணே."

"இது என் கடைடா! நானும் முஹய்யோவும் பாடுபட்டுக் கட்டின கடை!"

"புரியுதுண்ணே," தூர்தி கண்ணைச் சிமிட்டினான். "நீங்க அப்படித்தான் சொல்லியாகணும்."

கல்லாவில் இருந்த மனைவி முஹய்யோவிடம் போய் முறையிட்டார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் முழுக்கதையையும் கேட்டாள்.

"இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? சுகாதாரக்காரி போன வாரம் வரலை. வரிக்காரன் ஆட்டுத்தொடை கேக்கலை. நான்கூட ஊர் திருந்திருச்சோன்னு நினைச்சேன். பேசாம இருங்க. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க."

"பொய்யில்லையா அது?"

"நீங்க எங்க பொய் சொன்னீங்க? எவனோ எழுதினான், எவனோ படிச்சான். நமக்கு என்ன வந்துச்சு?"

ஹோல்மத்தால் சும்மா இருக்க முடியவில்லை. சும்மா இருக்கத் தெரிந்த மனிதராக இருந்தால் இந்தக் கதையே கிடையாது. மறுநாள் காலையில் கடைப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, வாசலுக்கு நேரே, வருகிறவன் போகிறவன் எல்லோரும் பார்க்கும்படி மாட்டினார். உரிமையாளர் ஹோல்மத் என்று அதில் முத்திரையோடு இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சட்டத்துக்கு முன்னால் நின்று படித்தார்கள். தலையை ஆட்டினார்கள். உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள்.

"என்னடா சொல்றாங்க?" என்று தூர்தியைக் கேட்டார்.

"அசந்து போயிட்டாங்கண்ணே. சொந்தக் கடைக்காரன் எவனாவது பத்திரத்தைச் சுவத்துல மாட்டுவானா? நான் மாட்டியிருக்கேனா? இதைவிட வெளிப்படையா ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்னு கேக்கறாங்க."

சட்டத்தை அன்றைக்கே கழற்றினார். 'மேலிடத்திலிருந்து போன் வந்துவிட்டது போல' என்று ஊர் சொன்னது.

அந்த வாரமே மனுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் அக்கா மகனுக்குச் சுங்கத்துறையில் வேலை வேண்டும் என்று வந்தார். ஹோல்மத் கையெடுத்துக் கும்பிட்டு, "எனக்கு யாரையும் தெரியாதுங்க, நான் வெறும் சமையல்காரன்" என்றார். பையனுக்குப் பரீட்சை எழுதியே வேலை கிடைத்துவிட்டது. மாமன்காரர் ஒரு செம்மறியாட்டை ஓட்டிக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். ஹோல்மத் ஆட்டைத் திருப்பி அனுப்பினார். ஒரு ஆடு போதாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் மறுநாள் இரண்டு ஆட்டோடு வந்தார்.

"வாங்கித் தொலைங்க," என்றாள் முஹய்யோ, "நாளைக்கு மூணா வரும், கட்ட இடமில்லை."

உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் போனதும் ஹோல்மத்துக்கு அது கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. தெருவில் நடந்தால் போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் தலைமாட்டு மரியாதை இடம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கறிக்கடைக்காரன் எலும்பில்லாமல் நிறுத்தான். ஒருநாள் சுகாதார ஆய்வாளர் அம்மா வந்து, கூனிக் குறுகி உட்கார்ந்து, "அண்ணே, ஊர்ல சொல்றது நிஜமா?" என்று கேட்டாள். ஹோல்மத் தேநீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே லேசாகச் சிரித்தார். அவ்வளவுதான். ஒரே ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அதிபர் டிவியில் தோன்றினார். சட்டத்துக்கு முன்னால் சொந்தபந்தம் கிடையாது என்றார். மகள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்ற செய்தி அதற்கு முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வைத்தியத்துக்காக வெளிநாடு போயிருப்பதாக ரேடியோ சொன்னது. என்ன வியாதி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை எர்காஷ் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"டேய் ஹோல்மத்! கொழுப்பு இன்னும் போடுடா!"

சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். இரண்டு கிலோ பொட்டலம் வாங்கிக்கொண்டார். காசு கொடுக்கவில்லை. உருளையைப் பார்த்து, "இது என்னடா இது, காலி டப்பா? மனுஷங்க உயிரோட விளையாடறியா?" என்றார்.

மறுநாளே அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது.

விசாரணை அதிகாரி ரஜபோவ் பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாதுவாக இருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

"கடை யாரோடது?"

"என்னோடதுங்க."

"பத்திரம்?"

"இதோ. என் பேர்ல, முத்திரையோட இருக்கு."

"உங்க பேர்லதான் இருக்கும்," என்றார் ரஜபோவ் பொறுமையாக. "இதுவரைக்கும் வந்த எல்லாருமே பத்திரத்தோடதான் வந்தாங்க. ஒருத்தர் பத்திரத்துலயாவது மாப்பிள்ளை பேர் இருந்திருந்தா நானே மயங்கி விழுந்திருப்பேன்."

"வரி ரசீது இருக்குங்க! பதினோரு வருஷ ரசீது! ஒரு மாசம்கூட பாக்கி இல்லை!"

ரஜபோவ் ரசீதுக் கட்டைப் புரட்டினார். வருத்தத்தோடு ஹோல்மத்தைப் பார்த்தார். "ஏங்க, இந்த ஊர்ல எவன் பதினோரு வருஷம் ஒழுங்கா வரி கட்டறான்? மடியில கனம் இருக்கறவன்தான் இவ்வளவு ஜாக்கிரதையா இருப்பான். கடை போடப் பணம் ஏது?"

"அண்ணன் ரஷ்யாவுல கட்டட வேலை பார்த்து அனுப்பினார். பொண்டாட்டி நகையை வித்தேன். அப்புறம் நாலு மாடு."

"நாலு மாடு."

"ஆமாங்க. ஒண்ணு சினை."

ரஜபோவ் எழுதிக்கொண்டார். "சிமெண்ட் ஆலைக்காரர் குதிரையை வித்ததா சொன்னார். உங்களுக்கெல்லாம் ஒரே வக்கீல்தான் சொல்லிக் குடுத்தாரா?"

"எனக்கு வக்கீலே கிடையாதுங்க!"

"சரி. மாப்பிள்ளை உங்க கடைக்கு எத்தனை தடவை வந்திருக்கார்?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஹோல்மத் காத்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு தடவைகூட இல்லை! குழந்தைங்க மேல சத்தியம்! அவர் நிழல்கூட என் கடை வாசல்ல விழுந்ததில்லை!"

ரஜபோவ் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த ஊர்ல இருக்கிற எல்லாப் புலாவ் கடையிலயும் அந்த மனுஷன் சப்பணம் போட்டு உக்காந்து போட்டோ எடுத்திருக்கார். உங்க கடைப் பக்கம் மட்டும் தலைவச்சுப் படுக்கலை. ஏன்?"

ஹோல்மத்துக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. ஏன் வரவில்லை? புலாவ் அவ்வளவு மோசமா?

"ஐயா," என்றார், "நீங்களே சொல்லுங்க. கடை நிஜமாவே என்னோடதா இருந்தா, நான் எதைக் கொண்டுவந்து காட்டணும்?"

ரஜபோவ் ஜன்னலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். "எனக்கும் தெரியலைங்க," என்றார். "வேணும்னா சாட்சி கூட்டிட்டு வாங்க."

சாட்சி என்றதும் ஹோல்மத்துக்குத் தூர்தியின் நினைவுதான் வந்தது. பதினோரு வருஷம் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன். அடுப்பு வைக்கச் செங்கல் சுமந்தவன். தூர்தி கல்யாணத்துக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு பேசினான்.

"ஐயா, ஹோல்மத் அண்ணன் தங்கமான மனுஷன். அவர்மேல தப்பே இல்லை. விடிகாலையில வந்து அடுப்புப் பத்த வைப்பார். ஒரு நாள் லீவு போட்டதில்லை. மாப்பிள்ளையோட கடையைத் தன் சொந்தக் கடை மாதிரி பாத்துக்கிட்டார்!"

"டேய் பாவி!" என்று அலறினார் ஹோல்மத்.

"அழாதீங்கண்ணே," என்றான் தூர்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இருக்கேன்ல?"

ரஜபோவ் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு தேநீரைக் கோப்பையின் விளிம்பு தளும்பத் தளும்ப ஊற்றி ஹோல்மத் பக்கம் தள்ளினார். மதிக்கிற விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள். முழுக் கோப்பை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"ரெண்டே வழிதான்," என்றார். "கடை உங்களோடதுன்னு நீங்க நின்னா, நீங்க குற்றவாளி. சொத்தை மறைச்சதுக்கு எட்டு வருஷம். கடை மாப்பிள்ளையோடது, நான் சம்பளத்துக்கு இருந்தேன், பயந்துக்கிட்டுப் பேர் குடுத்தேன்னு எழுதிக் குடுத்தா, நீங்க சாட்சி. வீட்டுக்குப் போகலாம். முப்பத்தொம்பது பேர் எழுதிக் குடுத்தாச்சு. பாக்கி நீங்களும் அந்தச் சிமெண்ட் ஆலைக்காரரும்தான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம்."

வெளியே நடையில் சிமெண்ட் ஆலைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விலை உயர்ந்த கோட்டு. முகம் வீங்கியிருந்தது. ஹோல்மத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினெட்டு வருஷம் பாடுபட்ட ஆலைங்க. அந்த ஆளை நான் நேர்ல பாத்ததுகூட இல்லை. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். நீங்களாவது நம்பறீங்களா?"

"நம்பறேன், நம்பறேன்," என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு படியிறங்கினார் ஹோல்மத். மனசுக்குள், 'அசல் பினாமிக்கு எவ்வளவு தைரியம் பார், என்னிடமே நடிக்கிறான்' என்று பொருமினார். இவனைப் போன்ற ஆட்களால்தானே தன்னைப் போன்ற அப்பாவிக்கு இந்தக் கதி!

வீட்டில் முஹய்யோ அன்றைக்கு வெங்காயம் நறுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

"போட்டுடுங்க கையெழுத்தை," என்றாள்.

"நம்ம கடை முஹய்யோ."

"தெரியும். என் நகை அந்தச் சுவத்துக்குள்ள இருக்கு. எனக்குத் தெரியாதா? கடை போனா நாளைக்கு ஒரு அடுப்பு பத்த வச்சுக்கலாம். எட்டு வருஷம் நீங்க உள்ள போனா நான் யாருக்குச் சோறு போடறது?" அப்போதுதான் அழுதாள். "நான்தான் பேசாம இருங்கன்னு சொன்னேன். என் வாயில மண்ணைப் போட."

ஹோல்மத்தும் அழுதார். மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். 'மேற்படி கடை என்னுடையது அல்ல' என்று தன் கையாலேயே எழுதச் சொன்னார்கள். 'அல்ல' என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. புதுத்தாள் கொடுத்து மறுபடி எழுத வைத்தார்கள்.

அன்று மாலையே கடைக்குச் சீல் வைத்தார்கள். கொப்பரை உள்ளே மாட்டிக்கொண்டது. கேட்டுப் பார்த்தார். அதுவும் மாப்பிள்ளையின் சொத்து என்றார்கள்.

நாலு மாதம் கல்யாண வீடுகளில் அடுத்தவர் கொப்பரையில் புலாவ் கிண்டினார். கேரட்டைத் தடிமனாக நறுக்கிவிட்டதாகத் தன் மகன் வயதுப் பையன்கள் அதட்டினார்கள். கல்யாணத்துக்குக் கிண்டப் போன வீட்டில் தலைமாட்டில் எர்காஷ் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார். இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். வெளியே எப்போதாவது மாட்டுச்சந்தைச் சாலை வழியாகப் போக வேண்டி வந்தால் ஹோல்மத் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

ஜனவரிக் குளிரில் ஒரு சாயங்காலம் தூர்தி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே! டிவியைப் போடுங்க! டிவியை!"

அதிபர் மாளிகையில் தொட்டில் விழா நடந்துகொண்டிருந்தது. புதுப் பேரன். அதிபர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் மகள். மகளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் இளைத்து, புதுக் கோட்டில், மாப்பிள்ளை! அதிபர் அவர் தோளில் கை போட்டார். பின்னணியில் பாட்டு.

"சமாதானமாயிட்டாங்கண்ணே! கேஸெல்லாம் வாபஸாம்! சீல் வச்ச சொத்தெல்லாம் உடனே அந்தந்தச் சொந்தக்காரங்ககிட்டயே ஒப்படைக்கணும்னு உத்தரவாம்!"

முஹய்யோ எழுந்து நின்றாள். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். ஹோல்மத் தொப்பியைக்கூடத் தேடவில்லை. பனி கொட்டும் தெருவில் இரண்டு பேரும் கல்யாணத்தன்று ஓடாத ஓட்டம் ஓடினார்கள்.

கடை திறந்திருந்தது. சீல் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னலோர மேஜையில் கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் கோப்புகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து மரியாதையாகக் குனிந்தான்.

"வாங்க ஐயா, வாங்க அம்மா. நான் தில்மூரோத். வக்கீல்."

"சாவி?" என்றார் ஹோல்மத். மேல்மூச்சு வாங்கியது.

"சாவியைச் சொந்தக்காரர்கிட்ட ஒப்படைச்சாச்சுங்க."

"நான்தானே தம்பி சொந்தக்காரன்?"

வக்கீல் ஒரு தாளை எடுத்து மெதுவாக மேஜையில் திருப்பி வைத்தான். மேற்படி கடை என்னுடையது அல்ல. ஹோல்மத்தின் கையெழுத்து. அழகான கையெழுத்துதான்.

"நான் மாப்பிள்ளையோட வக்கீலுங்க," என்றான்.

முஹய்யோ துடைப்பத்தோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஹோல்மத் அந்தத் தாளைத் தள்ளிவிட்டார்.

"தம்பி, அது பயந்துக்கிட்டு எழுதினது. எட்டு வருஷம்னாங்க. உனக்கே தெரியும். இது என் கடை."

"தெரியுங்க ஐயா," என்றான் வக்கீல். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவன் முகத்தில் சங்கடம் இருந்தது. "ஆனா சட்டப்படி இப்போ இது அவரோடது. நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அரசாங்கம் ஏத்துக்கிட்டிருக்கு. உங்களுக்கு ஒரு குறையும் வராதுங்க. நீங்க பழையபடி சமைக்கலாம். அம்மா கல்லாவுல உக்காரலாம். வர்றதுல பாதி அங்க போகணும், பாதி உங்களுக்கு. அப்புறம், பத்திரத்துல மாப்பிள்ளை பேர் இருக்கறது மரியாதை இல்லை பாருங்க. நம்பிக்கையான ஆள் பேர்ல இருந்தா நல்லது. உங்க பேர்லயே இருக்கட்டும்னு சொன்னார்."

ஹோல்மத் கொப்பரையைப் பார்த்தார். நாலு மாதத் தூசி படிந்து கிடந்தது. பதினோரு வருஷம் தன் கையால் தேய்த்த கொப்பரை. கூச்சத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கையைக் கூப்பினார்.

"தம்பி, உன் அப்பா மாதிரி நினைச்சுக்கோ. அவருக்குச் சிமெண்ட் ஆலை இருக்கு. ரெண்டு ஹோட்டல் இருக்கு. ஆஸ்பத்திரி இருக்கு. பஞ்சாலை இருக்கு. எத்தனை காலமா சேர்த்து வச்ச சொத்து! அதுக்கு நடுவுல இந்த ஒரு கொப்பரைப் புலாவ் அவருக்கு ஒரு பொருட்டா? என் கடையை மட்டும் எனக்கு விட்டுடச் சொல்லுப்பா."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வாசலைப் பார்த்தான். தூர்தி இன்னும் வந்து சேரவில்லை. குரலைத் தணித்தான்.

"அவர் எங்க ஐயா சேர்த்து வச்சார்? எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்க எழுதிக் குடுத்ததுதான். அந்தப் பட்டியல் வெளிவந்த அன்னிக்கு மாப்பிள்ளைக்குன்னு இருந்தது கார் கழுவுற கொட்டகை ஒண்ணே ஒண்ணுதான், பாவம், அது மட்டும் பட்டியல்ல இல்லை."